மைனஸ் பத்து

பன்னிரண்டு வருடமாக
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
முழு பார், அரை பார், பொடித்தது எத்தனை கூடை.
பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
அதன் விலை.

மே மாதம் இமயத்துக்குப் போகிறேன் என்றதும்
ஆபீசில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
எவ்வளவு ஆகும் என்றார்கள்.
சீட்டுப் பணம் எடுத்தாகிவிட்டது,
முப்பத்தொன்பதாயிரம், தள்ளுபடி போக.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி.
காந்தி வீதியில் நைட்டிகளையும்
குக்கர் கைப்பிடிகளையும் தாண்டி
சவரிநாதனின் தார்ப்பாய்.
யாரோ விட்டுப்போன பூட்ஸ் ஒரு ஜோடி,
தோல் உழைத்திருந்தது, தையல் உழைக்கவில்லை.
இரண்டாயிரத்து இருநூறு என்றான்.
காலையில் வாங்கக் கூடாது, பாதம் வீங்கட்டும்
என்று எங்கோ படித்திருந்தேன்.
கடற்கரைச் சாலையை ஐந்து முறை நடந்து
சாயங்காலம் திரும்பினேன்.
கால் பெருத்திருந்தது,
விலை சிறுத்திருந்தது.
ஆயிரத்து நானூறு.

வீட்டில் ஊக்கால் அடிப்பாகத்தைக் குடைந்தேன்.
பள்ளத்திலிருந்து விழுந்தது
மிளகளவு சாம்பல் கல்.
கழுவாமல் எடுத்து வைத்தேன்.

இறங்கும்போது கட்டைவிரல் முட்டக் கூடாது.
இறங்க நமக்கு ஏது மலை?
திருவந்திபுரத்தில் படிகள் உண்டு,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும்.
கேப்பர் மலைக்குப் போனேன்.
செம்மண், முந்திரி, தள்ளி ஜெயில் மதில்.
முதுகில் ஒன்பது கிலோ கல் உப்பு.
எட்டு முறை ஏறி இறங்கியதும்
ரோந்து வந்த காவலர் பையைத் திறக்கச் சொன்னார்.
உப்பை நக்கிப் பார்த்தார்.
போகச் சொன்னார்.

கயிறு மட்டும் அவர்களே தருவார்களாம்.
இருந்தாலும் வலைக்கடை சிங்காரவேலுவிடம் சொன்னேன்,
மலைக் கயிறு ஆள் விழும்போது நீளுமாம் என்று.
"நீளுற கயித்த நாங்க தூக்கிப் போட்ருவோம்."
ஊசியில் நூல் கோத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.
"ஆனா அங்க விழுறது மனுசன்ல."

தூங்கும் பை பார்சலில் வந்தது.
வேப்பங்காற்றுகூட வராத ஏப்ரலில்
அதைப் பிரிக்கும்போதே வேர்த்தது.
மைனஸ் பத்து என்று போட்டிருந்தது.
நம்பலாமா?
இரவு ஷிப்டு கலியமூர்த்தி
குளிர் அறையின் முள்ளைக் காட்டினார், மைனஸ் பத்து.
வஞ்சிரப் பெட்டிகளுக்கும் கணவாய்க்கும் நடுவே
கழுத்துவரை ஜிப்பை இழுத்துப் படுத்தேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
வெளியிலிருந்து கதவைத் தட்டினார்,
நான் உள்ளிருந்து தட்டினேன்.
மூக்கு முதலில் மரத்தது.
மேலே ஒன்றும் தெரியவில்லை.
நாற்பதாவது நிமிடத்தில் இடுப்பு.
குளிர் தரையிலிருந்து ஏறுகிறது,
வானத்திலிருந்து இறங்குவதாக
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
பட்டியலில் பாய் என்று சேர்த்தேன்.

மூன்று நாள் மொட்டை மாடியில் காயப் போட்டும்
கணவாய் வாடை போகவில்லை.
போகட்டும். பக்கத்துக் கூடாரத்தில்
யார் வந்து வாய்க்கிறார்களோ.

வெளியே வந்ததும்
கலியமூர்த்தி பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார்.
உதடு ஒட்டாமல் குடித்தேன்.
"அங்க பார் பாராவா இருக்கும்?"
"இல்ல, சும்மா கெடக்கும். மலை மலையா."
"ஓசியில?"
"ஓசியில."
கம்ப்ரசர் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.
"உருகுனா யாருக்கு நஷ்டம்?"

ரசீதுகள் பறக்காமல் இருக்க
அந்தச் சாம்பல் கல்லை மேலே வைத்தேன்.
மிளகளவுக் கல்.
ரசீதுகள் பறந்தன.
குனிந்து பொறுக்கினேன், புது பூட்ஸோடு,
கட்டைவிரல் முட்டவில்லை.